புகார் சொன்னவன்தான் குற்றவாளியா?



இந்தப் பகுதியில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் குடும்பக் கணக்கைப் பற்றியும் எழுதி வருகிற நான், இம்முறை லோரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "வாத்தியாருக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவனே அன்றிப் பட்டறையில் வேலை பழகியவன் அல்லன். ஆனாலும் சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சின்ன லோரியின் பக்கத்தில் ஒரு முழுக் காலைப் பொழுது நின்று நான் கற்றுக்கொண்ட பாடம், என் இருபத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது. லோரி, வேன், கார் என்று ஏதாவது ஒன்றை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது பணத்தையும் மிச்சப்படுத்தும் பாடம்.

என்னிடம் நான்காம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பட்டணத்தில் குடியிருந்துகொண்டு, மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்துப் பாசார் மாலாம் வியாபாரிகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறான். அதற்கென்றே பெட்ரோலில் ஓடும் பழைய சின்ன லோரி ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தான். ஒரு நாள் மாலை அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. கையில் ஒரு பாரம்.

"சார், கூட்டுறவுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேணும். 1,800 வெள்ளி. உங்கள விட்டா எனக்கு வேற யாருமில்ல சார்."

உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து விசாரித்தேன். லோரி ஓடும்போது நன்றாக ஓடுகிறது. நின்றால்தான் வம்பு. சிவப்பு விளக்கில் நிறுத்தினால் எஞ்சின் நடுங்குகிறது, ஸ்டீயரிங் ஆடுகிறது, மீட்டர் முள் ஏறி இறங்குகிறது. இரண்டு முறை நடுச்சாலையிலேயே அணைந்துவிட்டது. ஒரு முறை மழை இரவு. பக்கத்தில் ஆறு வயது மகள். பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்த அடியில் குழந்தை அழுதுவிட்டதாம்.

மீட்டர் பலகையில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கே கருவியைச் செருகிப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்றார்கள். மாற்றினார்கள். 380 வெள்ளி. மூன்று நாள் விளக்கு எரியவில்லை. நான்காம் நாள் மறுபடி எரிந்தது. "அப்படியானால் காற்றை அளக்கும் சென்சார்" என்றார்கள். அதற்கு 450 வெள்ளி. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் விளக்கு திரும்பவும் வந்துவிட்டது. இப்போது, "கம்ப்யூட்டர்ப் பெட்டியையே மாற்ற வேண்டும், 1,800 ஆகும்" என்கிறார்களாம். வியாபாரிகளில் ஒருவர் வேறு லோரிக்காரரைப் பார்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் போனால் லோரித் தவணையைக் கட்ட முடியாது.

எனக்குப் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. பணத்தை எண்ணித் தயங்கவில்லை. மூன்றாவது முறையும் இதே கதையானால் இந்தப் பையன் என்ன ஆவான் என்ற பயம்தான். "கையெழுத்து எங்கேயும் ஓடிப் போகாதப்பா. நாளைக்குக் காலையில லோரியக் கொண்டு வா. ஒருத்தரப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் சொன்ன அந்த ஒருவர், எங்கள் தோட்டத்துப் பட்டறையில் முப்பது ஆண்டு போர்மனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். டிராக்டர், பால் லோரி, மின்சார ஜெனரேட்டர் எல்லாம் அவர் கைபட்டவை. "பழைய காலத்து மனிதர், கம்ப்யூட்டர் வண்டியெல்லாம் அவருக்குத் தெரியுமா?" என்று நினைத்துவிடாதீர்கள். பேரன் வாங்கிக் கொடுத்த சிறிய கருவியைக் கைத்தொலைபேசியோடு இணைத்து எண்களைப் படிக்கிற அளவுக்கு அவர் விவரமானவர்.

மறுநாள் லோரி வந்து நின்றதும் அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கேள்வி கேட்டார்.

"தம்பி, காலையில பச்சத் தண்ணியா இருக்கும்போது நடுங்குதா, சூடானப்புறமா?"

"ரெண்டு நேரமும்தான் தாத்தா."

"மிதிச்சா?"

"மிதிச்சா நடுக்கம் போயிருது."

"நடுங்கும்போது மீட்டர் முள்ளும் ஆடுதா?"

"ஆடுது தாத்தா."

அவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, முள் ஆடாம வண்டி மட்டும் நடுங்கினா, எஞ்சின் உட்கார்ற ரப்பர் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். முள்ளும் சேர்ந்து ஆடுதுன்னா எஞ்சினே தடுமாறுது. இந்த ஒரு கேள்விய யாரும் கேக்கறதில்ல."

வீட்டிலிருந்து கொண்டுபோன நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதத் தொடங்கினேன். அவர் சொன்னவற்றை என் மொழியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

இக்காலத்து எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி உண்டு. அது கண்ணும் காதும் இல்லாத ஒரு தலைமையாசிரியர் போன்றது. வெளியில் நடப்பதை அதற்குச் சொல்பவைதாம் சென்சார்கள். நல்ல தமிழில் உணரிகள். எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, தண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு செய்தி கொண்டு வருகிறது. அச்செய்திகளை வைத்துத்தான் பெட்டி பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. செய்தி கணக்குக்கு ஒத்து வராவிட்டால் மஞ்சள் விளக்கை ஏற்றி, ஓர் எண்ணையும் குறித்து வைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட ஒரு செருகு இருக்கும். அதில் கருவியைச் செருகினால் அந்த எண் தெரியும். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல் கார்களுக்கும் சிறிய லோரிகளுக்கும் இந்த ஏற்பாடு கட்டாயமாயிற்று. பிறகு உலகெங்கும் பரவியது. ஆகவே 'பி' என்ற எழுத்துக்குப் பின் பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கு எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் ஒரே பொருள்தான்.

இந்த லோரியில் இருந்த எண் பி 0171. அதன் பொருள், 'கலவை மெலிந்திருக்கிறது' என்பது மட்டுமே. அதாவது, பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். 'ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது' என்று அந்த எண் எங்கேயும் சொல்லவில்லை. காற்று அதிகம் என்ற செய்தியைக் கொண்டு வந்தது ஆக்சிஜன் சென்சார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஒரு பையன் எழுந்து, "சார், பின்னாடி சத்தம் போடறாங்க" என்கிறான். நாம் தலையை நிமிர்த்தினால் நின்றுகொண்டிருப்பவன் அவன்தான். "முதல்ல நீ உட்காரு!" என்று அவனையே அதட்டுகிறோம். அந்தப் பட்டறையில் நடந்தது அதுதான். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டினார்கள். புதிதாக வந்ததும் அதே உண்மையைத்தான் சொன்னது. மூன்று நாள் விளக்கு எரியாததற்குக் காரணமும் சாதாரணமானது. பழைய எண்ணை அழித்துவிட்டதால், பெட்டி திரும்பவும் கணக்குப் பார்த்து முடிவுக்கு வர அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பெரியவர் கருவியைச் செருகி எண்ணைப் படித்ததோடு நிற்கவில்லை. பெட்ரோலைப் பெட்டி எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். நல்ல எஞ்சினில் இது பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டுமாம். நின்ற நிலையில் இந்த லோரி காட்டியது கூட்டல் 24. பையனை ஏறி மிதிக்கச் சொன்னார். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு வந்ததும் அது கூட்டல் 6 ஆக இறங்கிவிட்டது.

"இனிமே கம்ப்யூட்டர்ப் பெட்டிய மறந்துடு தம்பி. எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் கிழிஞ்சிருக்கு" என்றார்.

எப்படித் தெரிந்தது? ஒரு சிட்டிகை உப்பைச் சின்னக் கோப்பைத் தேநீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதையே ஒரு அண்டாத் தேநீரில் போட்டால் தெரியவே தெரியாது. நின்ற நிலையில் எஞ்சின் இழுக்கும் காற்று மிகக் கொஞ்சம். கிழிசல் வழியாக நுழையும் திருட்டுக் காற்று அதில் பெரும் பங்கு. வேகம் கூடினால் நேர்வழியில் வரும் காற்று மிகுந்துவிடும். திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆகவே நின்றால் தொல்லை, மிதித்தால் சுகம் என்றால் கிழிசலைத் தேட வேண்டும். இதற்கு மாறாக, நின்றால் சுகமாக இருந்து, மிதிக்க மிதிக்க அந்த விழுக்காடு ஏறினால், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கும், பில்டர் அடைத்திருக்கும், அல்லது காற்றளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கும்.

காற்றளக்கும் சென்சாரும் பொய் சொல்லவில்லை. அது வாசலில் நிற்கும் ஜாகா. வாசல் வழியாக வருபவர்களைத்தான் அவரால் எண்ண முடியும். பின்பக்க வேலியில் ஓட்டை இருந்து அதன் வழியே ஆள் நுழைந்தால், ஜாகாவை மாற்றி என்ன பயன்?

பிறகுதான் பானட் திறந்தது. பெரியவர் சட்டைக் கையை மடித்து, கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஓடும் எஞ்சினின் விசிறியும் பெல்ட்டும் தொங்குகிற எதையும் இழுத்துவிடும். இரண்டடி நீளக் குழாய்த் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ரப்பர் குழாயின் அருகிலும் கொண்டுபோனார். மருத்துவர் நெஞ்சைச் சோதிப்பது போலவே இருந்தது. ஓரிடத்தில் கை நின்றது. எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மீண்டும் காற்றுக் குழாய்க்கே அனுப்புகிற, விரல் பருமனான வளைந்த குழாய் அது. மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அடிப்பக்க வளைவில் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

ஈரத் துணியை விரலில் சுற்றி அந்த வெடிப்பை மூடினார். நடுக்கம் நின்றுவிட்டது. விரலை எடுத்தார். லோரி பழையபடி ஆடத் தொடங்கியது. மீண்டும் மூடினார். கருவியில் ஆக்சிஜன் சென்சாரின் அளவு, அதுவரை கீழேயே படுத்துக் கிடந்தது, 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளி ஆடியது. நல்ல சென்சார் அப்படித்தான் ஆட வேண்டுமாம்.

பையன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றான்.

புதுக் குழாயின் விலை 18 வெள்ளி. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். மறுவாரம் பையன் ஒரு கூடை காய்கறியைக் கொண்டுவந்து அவர் வீட்டு ஐந்தடியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். நின்ற நிலையில் அந்த 24 இப்போது 3.

பால்மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மரத்துப் பாலில் செய்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஊறி உப்பிப் போய்விடும். ஆகவே எஞ்சின் குழாய்களைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். ஆனாலும் ஆண்டுக் கணக்கில் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்தால் அதுவும் இறுகி வெடிக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் குழாய்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது, எஞ்சின் ஆறியிருக்கும்போது.

பெரியவர் சொன்னவற்றில் நான் குறித்துக்கொண்ட வேறு சிலவற்றையும் கீழே தருகிறேன். கத்தரித்து வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, விளக்கு எரிந்தால் எண்ணை எழுதி வாங்காமல் அழிக்க விடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றினால் விளக்கு அணையும். கூடவே, கோளாறு நடந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று பெட்டி குறித்து வைத்த தடயமும் அழியும்.

இரண்டாவது, விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது என்று பொருள். அது புகைக் குழாயில் உள்ள விலை உயர்ந்த வடிகட்டியைச் சுட்டுக் கெடுத்துவிடும். ஓரங்கட்டி நிறுத்துவதே மேல்.

மூன்றாவது, எண் பி 0301 என்றால் முதல் சிலிண்டர் தவறுகிறது. பி 0302 என்றால் இரண்டாவது. உடனே காயிலை வாங்கிவிடாதீர்கள். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலாவதிலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். எண்ணும் 0302-க்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக்கையோ பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டரையோ பார்க்க வேண்டும். வெள்ளி செலவில்லாத சோதனை இது.

நான்காவது, தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சார். கருவி 'மைனஸ் 40' பாகை காட்டினால், நம் நாட்டில் அப்படிக் குளிர் ஏது? வயர் அறுந்திருக்கும், செருகு கழன்றிருக்கும், அல்லது சென்சார் உள்ளே அறுந்திருக்கும். பெட்டி குளிர் என்று நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், கரும்புகை வரும், எண்ணெய்ச் செலவு ஏறும். வயரைப் பார்க்காமல் சென்சாரை மட்டும் மாற்றினால் பணம் வீண். பல வண்டிகளில் இந்தச் சென்சாரின் மின்தடை 20 பாகையில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஓம், 80 பாகையில் முந்நூறு ஓம் அளவில் இருக்கும். ஒரு மல்டிமீட்டர் அதைச் சொல்லிவிடும்.

ஐந்தாவது, எஞ்சின் சூடானதும் திடீரென அணைந்து, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடினால், தண்டின் சுழற்சியைச் சொல்லும் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அதன் எண் பி 0335. இங்கேயும் முதலில் வயரையும் செருகையும் பார்த்த பிறகே சாமானை வாங்க வேண்டும்.

ஆறாவது, எரியக் கூடிய தெளிப்பானை ஓடும் எஞ்சின் மீது அடித்துக் கிழிசல் தேடுகிறவர்கள் உண்டு. சூடான எஞ்சினில் அது தீயை அழைத்து வரும் வேலை. காதும் டார்ச் விளக்கும் போதும்.

டீசல் லோரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கிழிசல் கதை டீசலுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே நடுக்கம் வந்தால் முதலில் டீசல் பில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சென்சாரை மாற்றுமுன் விசாரிக்க வேண்டும் என்ற விதி அதற்கும் உண்டு.

பட்டறைக்காரர்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் பட்டறையில் வேலை செய்த பையன் ஏமாற்றுக்காரன் அல்லன் என்றே நினைக்கிறேன். கருவி ஒரு வரி சொன்னது. அதை முழுத் தீர்ப்பு என்று நம்பிவிட்டான். நாம் செய்யக் கூடியது, "இந்தச் சாமான்தான் கெட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று பணிவாகக் கேட்பதும், கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்வதுமே.

அப்படி நம்பிவிட்டதற்காக அவனைத் திட்ட எனக்குத் தகுதியும் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த லோரிக்காரப் பையன் நான்காம் ஆண்டில் உயரமானவன். ஆகவே கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். கணக்கில் மூன்றை எட்டு என்று எழுதுவான். கரும்பலகையில் இருப்பது ஒன்று, அவன் நோட்டில் இருப்பது வேறொன்று. இரண்டு தவணை அவனுடைய மதிப்பெண் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதினேன். கூடுதல் வீட்டுப் பாடம் கொடுத்தேன். ஒரு நாள் வகுப்பு முழுக்க நிற்கவும் வைத்தேன். அவனுடைய அப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்து அடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாம் தவணையில் பள்ளிக்கு வந்த சுகாதாரத் தாதி கண்களைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, பையனுக்குத் தூரப் பார்வை இல்லை என்பது.

அவனுடைய தவறுகள் எல்லாம் எனக்கு ஒரு செய்தி சொல்லிக்கொண்டே இருந்தன. 'எங்கேயோ கோளாறு' என்று விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நானோ விளக்கு எரிந்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட பிறகு மூன்றை மூன்று என்றே எழுதினான்.

லோரி சரியான அன்று திரும்பி வரும் வழியில் இதை அவனிடம் சொன்னேன். "அது அப்பவே மறந்து போச்சு சார்" என்று சிரித்தான். மறந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஜாமீன் பாரம் கையெழுத்தில்லாமலே என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வளையல் இன்னும் அடகுக் கடையில்தான்; இரண்டு மாதத்தில் மீட்டுவிடுவதாகச் சொல்கிறான். அவன் மகள் அடுத்த பள்ளியாண்டில் நம் பள்ளியிலேயே முதலாம் ஆண்டில் சேர்கிறாள். முதல் நாளே அவளைக் கடைசி வரிசையில் நிற்க வைத்து, பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லப் போகிறேன். அவளை மட்டும் அல்ல, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும்தான்.

உங்கள் வண்டியில் விளக்கு எரிந்தாலும், உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் சிவப்பு மை தெரிந்தாலும், ஒரு நாள் பொறுத்து விசாரியுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.